அந்த மானிட்டர் ஏன் கத்தவில்லை

தினேஷ்,

இதைத் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் போனில் வருகிற மெசேஜ் மாதிரி மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரேலே மா, ஏம் காது" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று நீ சொல்வதை இனியும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தமிழ் என்றால் உன்னால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும். ஒவ்வொரு வரியாகத்தான் நகர முடியும். இதை அப்படித்தான் படிக்க வேண்டும். பாதியில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் கடைசி வரை படித்துவிடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயும் ஸ்வாதியும் காருக்குப் பின்னால் அந்தக் கேரவனைக் கோத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். நாக்பூர், அங்கிருந்து மேலே, ஹிமாச்சல் மலை வரை. இரண்டு மாதம் அதிலேயே சமையல், அதிலேயே தூக்கம், அதிலேயே உட்கார்ந்து ஆபீஸ் வேலை. மல்லாபூர் ஷெட்டில் வெறும் இரும்புச் சட்டமாக நின்ற நாளிலிருந்து அதை நான் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்ததும் நான்தான். அதனால் வண்டி வேண்டாம், பயணம் வேண்டாம் என்று சொல்வதற்காக இந்தக் கடிதம் இல்லை. நேற்று முன்தினம் சாப்பிடும்போது, "அந்த டயர் மானிட்டர் எல்லாம் வேஸ்ட் மா, ட்ரெய்லருக்கு அது தேவையே இல்லை, இந்தத் தடவை மாட்டப் போவதில்லை" என்று நீ சொன்னாய். எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. முட்டி வலியா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அது பொய். இரண்டு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிற பொய்களில் அது மிகச் சின்னது.

ஜனவரியில் நாம் மூன்று பேரும் பீதர் வரை ஒரு நாள் சோதனை ஓட்டம் போனோமே, அதில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான்.

அந்த மானிட்டரை வாங்கி வந்த நாளில் உனக்கு இருந்த உற்சாகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காரின் நாலு சக்கரத்துக்கும் கம்பெனியே வைத்திருக்கிறது, கேரவனுக்கு மட்டும் இல்லை என்று தேடித் தேடி வாங்கினாய். கட்டைவிரல் நுனி அளவில் இரண்டு சென்ஸார். கேரவனின் இரண்டு சக்கரத்திலும் வால்வு மூடியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் திருகினாய். சோப்புப் பெட்டி அளவில் ஒரு திரையை டாஷ்போர்டில் ஒட்டினாய். "பாருமா, உள்ளே காற்று எவ்வளவு, சூடு எவ்வளவு, எல்லாம் இங்கேயே தெரியும். நாம வெச்ச அளவுக்குக் கீழே போனா கத்தும். இது உன் டிபார்ட்மென்ட்தானே, நீயே முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கோ" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பிரஷர் கேஜ்களைச் சரிபார்க்கிற அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். எந்த முள் உண்மை சொல்கிறது, எந்த முள் பொய் சொல்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் எனக்குச் சோறு போட்டது. மாமியாருக்கு முட்டி மடக்க முடியாதென்று முன் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, ஸ்வாதி பின்னால் உட்கார்ந்தாள்.

காலை ஆறரைக்கு மல்காஜ்கிரி வீட்டிலிருந்து கிளம்பினோம். பட்டான்செரு தாண்டுவதற்கு முன்பே அது முதல் தடவை கத்தியது. அந்தச் சத்தத்தை உனக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்குள் அது என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. காதில் கேட்கவில்லை, நேரே நெஞ்சில் குத்தியது. இரண்டு சக்கரத்திலும் காற்று நாற்பத்தைந்து பவுண்டு என்று காட்டியது. நீ நாற்பத்தாறுக்குக் கீழே போனால் கத்தும்படி வைத்திருந்தாய். முந்தின நாள் மத்தியானம் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், சக்கரம் சூடாக இருக்கும்போது ஐம்பது அடித்துக்கொண்டு வந்திருந்தாய். விடிகாலைக் குளிருக்கு அது தானாக இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான். எனக்கு உடனே புரிந்தது, உனக்கும் சொன்னேன். ஆனாலும் நீ ஓரங்கட்டினாய். ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்களை அடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோக்கள் நம்மை உரசிக்கொண்டு போக, நீ இறங்கிப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாய்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கத்தல். இந்த முறை சிக்னல் வரவில்லை என்று. காருக்கும் கேரவன் சக்கரத்துக்கும் நடுவில் அத்தனை இரும்பு. பின்னாலிருந்து சென்ஸார் சொல்வது முன்னால் எட்டவில்லை. மறுபடி நிறுத்தினாய். மூன்றாவது தடவை கத்தியபோது இடது சக்கரம் மட்டும். அப்போது நாம் ஆறு வழி ரோட்டில் இருந்தோம். நீ ஓரங்கட்டியதும் ஸ்வாதியும் கூடவே இறங்கினாள். சக்கரத்துக்கு அடியில் டார்ச் பிடிக்கிறேன் என்று, கேரவனைப் பின்பக்கமாகச் சுற்றிப் போக ரோட்டுப் பக்கமாகவே நடந்தாள். நான் உன் சீட்டுப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமென்ட் ஏற்றிய லாரி ஒன்று ஹாரனே அடிக்காமல் வந்தது. அது போன காற்றில் ஸ்வாதியின் துப்பட்டா அப்படியே மேலே எழும்பி லாரிப் பக்கமாகப் போய், திரும்பி அவள் முகத்தில் விழுந்தது. ஒரு முழம். அவளுக்கும் அந்த லாரிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டாள். நீ டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மறுபடி வண்டியை எடுத்தாய்.

அதற்குப் பிறகு டயரைப் பற்றிய பயம் எனக்கு இல்லை, தினேஷ். அந்தச் சத்தத்தைப் பற்றிய பயம்தான். அது கத்தினால் நீ நிறுத்துவாய். நிறுத்தினால் அவள் இறங்குவாள். அடுத்த லாரிக்கு ஒரு முழம் இடம் இருக்குமோ இருக்காதோ. சங்காரெட்டி தாண்டி ஒரு ஓட்டலில் டிபனுக்கு நிறுத்தினாய். முட்டி வலிக்கிறது, எனக்கு இட்லியை இங்கேயே கொண்டுவந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் காரிலேயே உட்கார்ந்தேன். நீங்கள் இருவரும் உள்ளே போனதும் மானிட்டரைக் கையில் எடுத்தேன். அதன் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எச்சரிக்கை அளவை மாற்றலாம். நாற்பத்தாறு என்று இருந்ததை இருபதாக்கினேன். சூட்டுக்கு எழுபது டிகிரி என்று இருந்ததை, அது எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவுக்குத் தள்ளினேன். பிறகு முன்பு இருந்த இடத்திலேயே ஒட்டி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் கூட, விஷயம் தெரியாமல் ஒரு தாய் பயத்தில் செய்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் விஷயம் தெரிந்தவள். அளவை மாற்றுவதற்கு முன்னால் திரையில் இருந்த எண்களைப் பார்த்தேன். வலது ஐம்பத்திமூன்று. இடது நாற்பத்திமூன்று. ஒரே அச்சில் இரண்டு பக்கம் இருக்கிற சக்கரங்கள். ஒரே வெயில், ஒரே ரோடு, ஒரே பாரம். ஓடிச் சூடானதில் வலது ஏறியிருக்கிறது, இடது ஏறுவதற்குப் பதிலாக இறங்கியிருக்கிறது. குளிரால் வந்த வித்தியாசம் என்றால் இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும். இடது சக்கரத்தில் எங்கேயோ காற்று போய்க்கொண்டிருந்தது. என் அறையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கூட இது தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.

வேலையில் இருந்தபோது கம்ப்ரஸர் அறையில் ஒரு ஆபரேட்டர், கத்திக்கொண்டே இருக்கிறது என்று பஸ்ஸரின் வாயில் பஞ்சை அடைத்து டேப் போட்டுவிட்டார். நான் கண்டுபிடித்துப் பெரிய ரகளை பண்ணினேன். "ஏம் சேயாலி மேடம், என்ன பண்றது, பகலெல்லாம் கத்துது, தலை வெடிக்குது" என்று பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகக் கெஞ்சினார். இது உங்கள் தலைவலியைப் பற்றிய விஷயம் இல்லை, உள்ளே வேலை செய்கிற எல்லாருடைய உயிரைப் பற்றிய விஷயம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் தலை குனிந்து நின்றார். அன்று வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அந்த மனிதரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இப்போது இருக்கிறது.

பிறகு நடந்ததை நீ காரை ஓட்டியபடி பார்த்தாய். நான் திரையைப் பார்த்தபடி பார்த்தேன். சதாசிவப்பேட்டை தாண்டும்போது இடது முப்பத்தொன்பது. ஒரு கால் மணி நேரம் கழித்து முப்பத்திநாலு, பக்கத்தில் சூடு அறுபத்தெட்டு. என் வாய் திறந்தது. "தினேஷ்" என்று கூட சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏம் மா?" என்றாய். "ஒன்றுமில்லை, ஜஹீராபாத்தில் நிறுத்து, டீ குடிக்கலாம்" என்றேன். ஊருக்குள் போய்விட்டால் லாரி இல்லாத இடமாக நிறுத்தலாம், அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். இன்னும் பத்து நிமிஷம். பத்து நிமிஷம்தானே. அதற்கு மேல் திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டயர் வெடிப்பதை நான் அதுவரை கேட்டதில்லை. மாடியிலிருந்து இரும்புப் பீரோவைக் கீழே போட்ட மாதிரி இருந்தது. அடுத்த நொடி நம் காரை யாரோ பின்னாலிருந்து பிடித்து இடமும் வலமும் உலுக்கினார்கள். ஸ்வாதி கத்தினாள். நீ பிரேக்கை மிதிக்கவில்லை. அந்தப் பதற்றத்திலும் மிதிக்காமல் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையும்படி விட்டாயே, அதனால்தான் நாம் மூவரும் இருக்கிறோம். ஆனால் கேரவன் இடது பக்கமாக இழுத்தது. இடது பக்கத்தில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவர், பின்னால் அவர் மனைவி, இருவருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெண். அந்த அம்மாவின் முகத்தை என் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளையாக நம் கேரவன் தன் மேல் சாய்ந்துகொண்டு வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. குழந்தையின் தலையைத் தன் கையால் மூடினாள். பைக் மண்ணில் இறங்கி, தடுமாறி, விழுந்தது.

நீ ஓடினாய். குழந்தைக்குச் சிராய்ப்புக் கூட இல்லை. அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. குழந்தையின் தலையை மூடியிருந்த அதே கை. ஜஹீராபாத்தில் ஆஸ்பத்திரிக்கு நீதான் கூட்டிப் போனாய், கட்டுப் போடுகிற வரை கூடவே நின்றாய். அதற்குப் பிறகும் இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தாய். உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.  ஆஸ்பத்திரி பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, அந்த அம்மா கையில் கட்டோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்து, "மீக்கேம் காலேது கதா அம்மா?" என்று கேட்டாள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. அவள் என்னைக் கேட்கிறாள். அவள் புருஷன் எல்லாரிடமும், "டயர் பேலிதே எவரேம் சேஸ்தாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டயர் வெடித்தால் யார் என்ன செய்ய முடியும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நானும் தப்பித்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லவே கூசுகிறது. நீ டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, காரில் பையை வைத்துவிட்டு வந்ததாக ஸ்வாதியிடம் சொல்லிக் குழந்தையை அவளிடம் கொடுத்தேன். காருக்குப் போய் மானிட்டரின் அளவுகளைப் பழையபடி மாற்றி வைத்தேன். நாற்பத்தாறு. எழுபது. சாயங்காலம் நீ அதைக் கையில் எடுத்துப் பார்த்தாய். அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, காற்று இறங்கிய பிறகும் ஒரு சத்தம் கூட இல்லையே என்று வியந்தாய். "வேஸ்ட்" என்று சொல்லி டிவிக்குக் கீழே டிராயரில் போட்டாய். அது வேஸ்ட் இல்லை. அது மூன்று தடவை சொன்னது, நாலாவது தடவை நான் அதன் வாயைக் கட்டினேன். பிறகு கட்டிய தடயத்தையும் அழித்தேன்.

உனக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. அப்பா பெங்களூரில் டூட்டியில் இருந்தார். தெர்மாமீட்டரில் நூற்றிமூன்று பார்த்தேன். போனில் அவர் கேட்டபோது நூறு என்றேன். சொல்வதற்கு முன்னால் தெர்மாமீட்டரை உதறிப் பாதரசத்தைக் கீழே இறக்கினேன், அவர் அங்கிருந்து பார்த்துவிடப் போகிற மாதிரி. அவர் பதறுவாரே என்ற பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சொல்வார்களோ என்ற பயம். சாயங்காலம் உனக்கு வலிப்பு வந்தது. ஆட்டோவில் என் மடியில் உன் கண் மேலே செருகியதை இன்றும் நான் பார்க்கிறேன். எப்போதிலிருந்து இந்தக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்டார். இப்போதுதான் என்றேன். அப்பா கடைசி வரை இது தெரியாமலே போய்விட்டார். எனக்குப் பயம் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே அன்று தெரிந்துபோனது. ஆபத்தை நான் பார்க்க மாட்டேன், அதைச் சொல்கிற எண்ணைத்தான் அழிப்பேன்.

இதையெல்லாம் சொல்லாமலே என்னால் செத்துப்போயிருக்க முடியும். நீ மானிட்டரைப் பற்றி இணையத்தில் எழுதியது அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, கேரவன் இழுக்கிறவர்கள் யாரும் வாங்காதீர்கள், டயர் வெடிக்கிற வரை இது வாயே திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உங்கள் கேரவன் குரூப்பில் யாரோ ஒருவர், ட்ரெய்லருக்கு இந்த மானிட்டர் தேவையா என்று கேட்டதற்கும் அதையே சொன்னதாகச் சாப்பாட்டு மேஜையில் சொன்னாய். "அவர் ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டார்மா" என்றாய், ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு. அந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் வண்டியில் யார் யார் உட்காருவார்கள், அவர் வண்டிக்குப் பக்கத்தில் எந்த பைக் வரும் என்றும் தெரியாது. நான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டதால், முகம் தெரியாத ஒருவர் மானிட்டர் இல்லாமல் ஏதோ ஒரு ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார்.

அதனால் நீ கேட்காவிட்டாலும் என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். கார் சக்கரத்தில் காற்று குறைந்தால் ஸ்டியரிங் உன் கையில் சொல்லிவிடும். பின்னால் இழுத்துக்கொண்டு வருகிற வண்டி எதையும் சொல்லாது. அதன் டயர் தட்டையாகி, மடிந்து, உள்ளேயே சூடேறி வெந்துகொண்டிருந்தாலும் முன்னால் உட்கார்ந்திருக்கிற உனக்கு எல்லாம் நன்றாகவே இருக்கும். அது வெடித்த பிறகுதான் தெரியும். காருக்கு இருப்பதை விட ட்ரெய்லருக்குத்தான் இது அதிகம் தேவை. அதற்காக அது எல்லாம் செய்யும் என்றும் சொல்ல மாட்டேன். பழைய டயரைப் புதிதாக்காது. ரோட்டில் கிடக்கிற இரும்புத் துண்டு குத்திக் கிழித்தால் அது கத்துவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கிளம்புகிறதற்கு முன்னால் குனிந்து கையால் தடவிப் பார்க்கிற வேலையும் மிச்சமாகாது. ஆனால் மெதுவாக இறங்குகிற காற்றை அது ஒன்றுதான் பார்க்கும். நமக்கு நேர்ந்தது அந்த மாதிரி காற்றுதான். நம்மிடம் ஒரு மணி நேரம் இருந்தது.

காற்று ஏன் இறங்கியது என்பதையும் பார்த்துவிட்டேன். போன வாரம் நீங்கள் ஆபீஸ் போயிருந்தபோது, பிய்ந்த பழைய சக்கரத்தை டயர் கடைக்காரரிடம் காட்டினேன். வால்வு ரப்பர். அதன் தலையில் சென்ஸாரின் எடை. ஓடுகிற ஆட்டத்தில் அடிப்பக்கம் வெடிப்பு விட்டிருக்கிறது. "இதுக்கு இரும்பு வால்வுதான் போடணும்மா" என்றார். அவரையே கூட்டிக்கொண்டு வந்து, நம் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் நிற்கிற கேரவனின் இரண்டு சக்கரத்துக்கும் மாற்றச் சொன்னேன். இனி விடிகாலையில், சக்கரம் குளிர்ந்திருக்கும்போது காற்று அடித்து, அந்த அளவை வைத்து எச்சரிக்கையை வை. அதை விட ஏழெட்டு கீழே வை, சும்மா சும்மா கத்தாது. சிக்னலை வாங்கி முன்னால் அனுப்புகிற ஒரு சின்னப் பெட்டி தனியாக வருகிறதாம், அதைக் கேரவன் முன்புறத்தில் மாட்டு. எல்லாவற்றையும் விட, இரண்டு பக்கத்துக்கும் எண் வேறு வேறாக இருந்தால் அது கத்தும் வரை காத்திருக்காதே.

டிராயரிலிருந்து மானிட்டரை எடுத்து நானே சோதித்தும் பார்த்தேன். கேரவன் நிற்கிற இடத்தில் சென்ஸாரை மாட்டி, சக்கரத்திலிருந்து கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, மறுபடி திருகி, திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கத்தியது. நான் கேரவன் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் அணைக்கவில்லை. அது கத்துகிற வரை கத்தட்டும் என்று உட்கார்ந்து கேட்டேன். எதிர்வீட்டு பால்கனியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

நேற்று மத்தியானம் ஸ்வாதி விடுப்பில் வீட்டில் இருந்தாள். கேரவனுக்குள் அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்லக் காரணம், அவள் துப்பட்டாவைச் சாக்காக வைத்துத்தான் நான் அதைச் செய்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையில் இருந்த ஸ்வெட்டரை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு, "எனக்குத் தெரியும் அத்தம்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு ஓட்டலில் உங்களுக்கு இட்லி கொண்டுவந்தது நான்தானே. கார் பக்கத்துக்கு வரும்போது பார்த்தேன். நீங்க அதைக் கையில வெச்சு அழுத்திட்டு இருந்தீங்க. நான் நின்னுட்டேன். நீங்க திரும்ப ஒட்டின பிறகுதான் வந்தேன்."

"ஏன்டி சொல்லலை?"

"அப்பாடா, இனி கத்தாதுன்னு இருந்துச்சு அத்தம்மா. எனக்கும் பயமா இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ரோட்டில் இறங்க." அவள் ஸ்வெட்டரை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "அந்தக்கா கையைப் பார்க்க அவரு கூப்பிட்டப்ப ரெண்டு தடவையும் நான் போகலை. ஆபீஸ் வேலைன்னு சொன்னேன்."

இரண்டு மாதமாக ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இதை வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறோம். உன் மானிட்டரை நீ வேஸ்ட் என்று சொல்லும்போதெல்லாம் நாங்கள் இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறோம். உன்னிடம் அவளே சொல்வதாகத்தான் முதலில் சொன்னாள். பிறகு, "நீங்க எழுதுறதிலேயே என்னோடதையும் எழுதிடுங்க அத்தம்மா, நான் பக்கத்தில் உட்கார்ந்துக்கறேன்" என்றாள். எழுதிவிட்டேன். நீ இதை எழுத்துக் கூட்டிப் படிக்கிற நேரத்தில் அவள் உன் பக்கத்தில்தான் இருப்பாள். அவளைத் திட்டாதே. திட்டுவதாக இருந்தால் நான் உள் அறையில் இருக்கிறேன், என்னிடம் வா.

மூன்று காரியம் எனக்காகச் செய். இணையத்தில் எழுதியதை இன்றைக்கே எடுத்துவிட்டு, என் அம்மா அளவை மாற்றிவிட்டாள் என்று உள்ளபடி எழுது. என் பெயரைப் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆர்டரைக் கேன்சல் செய்த அந்த மனிதரைக் கண்டுபிடித்துச் சொல். சனிக்கிழமை என்னை ஜஹீராபாத்துக்குக் கூட்டிப் போ. டயர் வெடித்தால் யார் என்ன செய்ய முடியும் என்று சொன்ன அந்த மனிதரிடமும், அவர் மனைவியிடமும் நான் பேச வேண்டும். அவர்கள் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பயப்படுவேன், அடிக்காவிட்டாலும் பயப்படுவேன். அதைப் பற்றி நீ ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ரோட்டில் அது கத்தினால் நீ கோபப்படாமல், வேகத்தைக் குறைத்து, லாரி வராத ஒரு பெட்ரோல் பங்காகப் பார்த்து நிறுத்து. ஸ்வாதியை ரோட்டுப் பக்கம் இறங்க விடாதே. நிறுத்தியதும் எண் என்ன என்று எனக்கு போன் பண்ணிச் சொல். எவ்வளவு குறைவாக இருந்தாலும் இருக்கிற எண்ணையே சொல். நான் பதறுவேன். பதறட்டும் என்று விட்டுவிட்டுச் சொல்.

உன் அம்மா